வாங்குபவன் எழுதும் வேளாண்மை

(நெய்வேலி நகரியத்தில் நிகழ்ந்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



பருத்தியைப் பற்றிப் பேசுவதற்குக் கோயம்புத்தூரும் திருப்பூரும் இராஜபாளையமும் இருக்க, பூமியைத் தோண்டிப் பழுப்பு நிலக்கரி எடுத்து அதனை மின்சாரமாக்கும் இந்த ஊரில் அவ்விஷயத்தை எடுத்துக்கொள்வானேன் என்று, அழைப்பிதழைக் கண்டபோதே உங்களுள் சிலர் வியந்திருக்கக் கூடும். நூற்பாலைகளுக்குப் பஞ்சு வாங்கும் உத்தியோகத்தில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவனுக்கு வேறு எந்த விஷயம் தெரியும் என்று சமாதானம் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளலாம். ஆயினும் அதைக் காட்டிலும் தகுதியான காரணம் ஒன்று உண்டு. மண் என்பது செத்துப் போகவும் கூடும், சிரத்தையும் செலவும் காலமும் கொடுத்தால் மீண்டும் உயிர் பெறவும் கூடும் என்பதை ஏட்டில் படித்தவர் பலர். அதைக் கண்ணாரக் கண்ட ஊர்கள் தமிழ்நாட்டில் மிகச் சில. அவற்றுள் நெய்வேலி முதன்மையானது. இன்று உலகத்து ஆடை வாணிகர் எல்லாம் மண்ணை மீட்டெடுக்கும் 'மீளுருவாக்க வேளாண்மையில் விளைந்த பருத்தி' என்று ஒன்றைத் தேடி அலைகிறார்கள். அப்பருத்தியை எங்கே, யாரிடம், எந்த நிபந்தனையில் வாங்குவது என்னும் வினாவுக்கு விடை தேட முற்படுகிறவன் முதலில் இங்கே வந்து சில மண்மேடுகளைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது என்பது என் எண்ணம்.

ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் தோண்டிய கிணற்றில் கரிய பொருள் கலந்து வந்து நிலக்கரியைக் காட்டிக்கொடுத்த கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1956இல் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் ஏற்பட்டு, மறு ஆண்டு பிரதமர் நேரு அவர்கள் வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தபோது, இந்தப் பிரதேசம் முந்திரியும் வேர்க்கடலையும் மானாவாரியாக விளைந்த செம்மண் பூமியாயிருந்தது. ஒரு டன் பழுப்பு நிலக்கரியை அடைய ஐந்து கன மீட்டருக்குக் குறையாத மேற்படிவை அகற்ற வேண்டிய இயற்கையமைப்பு இங்கே இருப்பதால், இலட்சக்கணக்கான ஆண்டுகளாகச் சூரிய ஒளியையே காணாத மணலும் களியும் மேலே வந்து மலைமலையாய்க் குவிந்தன. அந்த மேடுகளில் புல்லும் எளிதில் முளைக்காது. ஏனெனில் மண்ணுக்கு மண் என்ற பெயரைத் தருகிற அங்ககப் பொருளும் நுண்ணுயிர்களும் அதில் இல்லை. பின்னர் மேல்மண்ணைத் தனியே எடுத்து வைத்துத் திரும்பப் பரப்பியும், தொழுவுரமும் பசுந்தாளும் இட்டும், மரங்களை நட்டும், சில பகுதிகளில் நெல்லும் பழமரமும் பயிரிட்டும் அம்மேடுகளை இந்நிறுவனத்தார் பசுமையாக்கினர். நிலம் கொடுத்த குடும்பங்களின் குறைகள் இன்னும் தீர்ந்தபாடில்லை என்பதை நான் அறிவேன். அது வேறொரு மேடையில் விரிவாகப் பேசத் தக்கது. இங்கே நான் கவனப்படுத்த விரும்புவது அந்தப் பசுமைக்குப் பணம் கொடுத்தது யார் என்பதைத்தான். சுரங்கத்தை மூடி நிலத்தைச் சீர்செய்வதற்கென்று ஆண்டுதோறும் ஒரு தொகையைத் தனிக் கணக்கில் ஒதுக்கிவைக்க வேண்டுமென்று மத்திய சர்க்காரின் விதி சொல்கிறது. அத்தொகை நிலக்கரியின் விலையில் சேர்கிறது. நிலக்கரியின் விலை மின்சாரத்தின் விலையில் சேர்கிறது. ஆகவே விளக்கைப் போடுகிற ஒவ்வொருவரும், தம்மை அறியாமலேயே, மண்ணைச் சீர்செய்வதற்கான காசைக் கொடுத்துவிடுகிறார்கள். நாம் உடுத்துகிற துணியின் விலையில் இப்படிப்பட்ட காசு ஒன்றும் இல்லை. பருத்தி விளைந்த மண் எப்படியாயிற்று என்று விசாரிப்பவரும் இல்லை.

இந்த வேற்றுமை எப்படி உண்டாயிற்று என்பதை அறியப் பருத்தியின் சரித்திரத்துக்குள் சற்றே செல்ல வேண்டும். உலகில் பயிராகும் பருத்தி இனங்கள் நான்கு. அந்நான்கையும் வாணிகத்துக்காகப் பயிரிடுகிற தேசம் நம்முடையது ஒன்றே. அவற்றுள் இரண்டு பழைய உலகத்தவை. தென்பாண்டிச் சீமையின் கரிசலில் விளைந்த கருங்கண்ணியும், அதனோடு கலந்தும் தனித்தும் விளைந்த உப்பம் பருத்தியும் அவ்வகையைச் சேர்ந்தவை. அப்பருத்தியின் ஆணிவேர் ஆழச் சென்று ஈரத்தைத் தேடும். சாறு உறிஞ்சும் பூச்சிகள் அதனை எளிதில் வெல்லமாட்டா. ஐப்பசி மழையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த மழை வராவிட்டாலும் அது உயிர் தாங்கும். ஆனால் அதன் இழை குட்டை. குட்டை இழை கைராட்டினத்துக்கு ஒரு குறையாக இருந்ததில்லை, இயந்திரத்துக்குத்தான் குறையாயிற்று. மான்செஸ்டர் ஆலைகளின் கதிர்கள் நீண்ட இழையைக் கேட்டன; கேட்டவர்கள் கையில் பணமும் கப்பலும் அரசாங்கமும் இருந்தன. ஆகையால் கம்பெனி சர்க்கார் அமெரிக்காவிலிருந்து தோட்டக்காரர்களைத் தருவித்தது. 1842இல் தாவர சாஸ்திரத்தில் பெரும் புலமை படைத்த ராபர்ட் வைட் என்னும் மருத்துவர் கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்திப் பண்ணைகளின் பொறுப்பை ஏற்றார். பல ஆண்டுகள் பாடுபட்டும் அந்த விதை தமிழகத்துக் குடியானவரிடத்தில் வேரூன்றவில்லை. தார்வார்ப் பக்கத்தில்தான் அது ஓரளவு நிலைத்தது. உழவர்களுக்கு அறிவு போதாமையே இதற்குக் காரணம் என்று அக்காலத்து அதிகாரிகள் சிலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மழை தவறினால் குடும்பத்தோடு பட்டினி கிடக்க வேண்டியவன், எங்கோ கடலுக்கப்பால் இருக்கும் ஆலைக்காரனுடைய இழையின் நீளத்துக்காகத் தன் வயலைப் பந்தயம் வைக்க மறுத்தான்; அவ்வளவே.

அதே குடியானவன் அறுபது ஆண்டுகள் கழித்து மனம் மாறினான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த கம்போடியாப் பருத்தியும் அமெரிக்க இனத்தைச் சேர்ந்ததே. ஆனால் அது வந்தபோது தூத்துக்குடியிலும் மதுரையிலும் ஹார்வி ஆலைகளும், கோயம்புத்தூரில் ஸ்டேன்ஸ் ஆலையும் வாசலிலேயே நின்று கூடுதல் விலை கொடுத்தன. கொங்கு நாட்டுக் கிணறுகளும் அதற்குத் தண்ணீர் தந்தன. 1932இல் பைகாரா மின்சாரம் வந்ததும் கிணற்றில் மோட்டார் ஏறிற்று. ஊரில் ஆலை ஏறிற்று. இரண்டும் சேர்ந்து கம்போடியாவை நிலைநாட்டின. பின்னாளில் கம்போடியாவும் உகாண்டாப் பருத்தியும் சேர்ந்து பிறந்த எம்.சி.யூ. வரிசை, அதில் 1968இல் வெளிவந்து புகழடைந்த எம்.சி.யூ. 5, அதற்கு ஆறு ஆண்டு கழித்துக் கோயம்புத்தூரிலேயே உருவாகி இந்தியாவின் மிக நீண்ட மெல்லிழை என்று பெயரெடுத்த சுவின், எல்லாம் ஆலையின் தேவையை முன்னால் வைத்து வயலில் தேடிய விடைகள். 1970இல் சூரத்தில் சி.டி. படேல் உண்டாக்கிய ஹைப்ரிட்-4, வாணிகத்துக்கு வந்த முதல் வீரியக்கலப்புப் பருத்தி என்ற பெருமையைப் பெற்றது. அதன் விளைச்சலைக் கண்டு வியந்தவர்கள், இனி ஆண்டுதோறும் விதையைக் கடையிலே வாங்க வேண்டியிருக்கும் என்பதைப் பிற்பாடுதான் உணர்ந்தார்கள். 2002இல், புழுவைக் கொல்லும் நஞ்சைத் தன்னுள்ளேயே உண்டாக்கும் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது. பச்சைக் காய்ப்புழுவுக்கு அடித்த மருந்து தொடக்க ஆண்டுகளில் குறைந்தது என்பதை மறைப்பது நியாயமன்று. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்த நஞ்சையும் சகித்துக்கொள்ளப் பழகிவிட்டது என்பதையும் அதேபோல மறைக்கலாகாது. இவ்வளவு மாறுதலிலும் இழை எவ்வளவு நீளம், எவ்வளவு வலு, எவ்வளவு மென்மை என்று கேட்ட ஆலைக்காரர்கள், அது விளைந்த மண்ணில் கரிமம் எவ்வளவு என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காத ஒன்றை விளைவிக்க யாருக்குத்தான் அவசியம்?

நான் சொல்ல வந்த விஷயம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. நம் நாட்டில் பருத்தி வேளாண்மையை எழுதியவன் உழவன் என்றும், விஞ்ஞானி என்றும், சர்க்கார் என்றும் பலவாறாகச் சொல்வார்கள். என் அநுபவத்தில் அதை எழுதியவன் வாங்குபவன். அவன் கேட்ட நீளத்துக்கு விதை மாறிற்று. விதைக்கு ஏற்ப உரமும் தண்ணீரும் மருந்தும் மாறின. அவற்றுக்கு ஏற்ப மண்ணும் மாறிற்று. ஆதலால் மண்ணை மீட்கும் பருத்தி வேண்டுமென்று இன்று வாணிகர்கள் விரும்பினால், உழவனுக்குப் பயிற்சி முகாம் நடத்துவதற்கு முன்னால் தம்முடைய கொள்முதல் நிபந்தனைகளைத் திருத்தி எழுத வேண்டும்.

மீளுருவாக்கம் என்று இப்போது சொல்லப்படுகிற முறைகளுள் பெரும்பான்மை கரிசல் சம்சாரிக்குப் புதியன அல்ல. பருத்தியோடு உளுந்தும் பாசியும் கொத்தமல்லியும் கலந்து விதைப்பான். வரப்போரம் ஆமணக்கு நிற்கும். கோடையில் கண்மாய் வற்றியதும் கரம்பையை வண்டியில் ஏற்றி வந்து புஞ்சையில் கொட்டுவான். ஆட்டுக் கிடை போட்டவனுக்குத் தானியமோ காசோ அளந்து கொடுப்பான். கி. ராஜநாராயணன் தம் குறுநாவல் ஒன்றுக்குக் 'கிடை' என்றே பெயர் வைத்தார் என்றால், அவ்வழக்கம் அந்த மக்களின் வாழ்வில் பெற்றிருந்த இடத்தை ஊகித்துக்கொள்ளலாம். இவற்றின் காரணம் இன்று ஆராய்ச்சிக் கூடத்தில் விளங்குகிறது. பருத்தி முதல் நாற்பது ஐம்பது நாள் மெதுவாகவே வளரும். வரிசைகளுக்கு இடையே அத்தனை நாளும் நிலம் வெறுமையாக வெயிலில் காயும். அந்த இடைவெளியில் உளுந்து படர்ந்தால் மண் குளிர்ந்திருக்கும், களை அடங்கும், காற்றிலுள்ள நைட்ரஜன் மண்ணில் சேரும். உயிருள்ள வேர் தன் சாற்றிலிருந்து ஒரு பங்கை மண்ணிலே கசியவிடுகிறது. அதை உண்டு வாழும் பூஞ்சைகள் பாஸ்பரஸைத் தேடிக் கொண்டுவந்து பருத்தி வேரிடம் சேர்க்கின்றன. மண் துகள்கள் ஒட்டித் திரளாகின்றன. திரண்ட மண்ணில் மழைநீர் ஓடாமல் இறங்குகிறது. கடைசி எடுப்பு முடிந்த வயலில் ஆட்டை மேயவிட்டால் மிச்சக் காய்களோடு இளஞ்சிவப்புப் புழுவும் அதன் வயிற்றுக்குள் போய்விடும் என்று பருத்தி ஆராய்ச்சியாளர்களே இப்போது சிபாரிசு செய்கிறார்கள். சென்னை மாகாண சர்க்கார் 1919இல் பயிர்ப் பூச்சி நோய்த் தடுப்புச் சட்டம் செய்து, கம்போடியாச் செடிகளைக் குறித்த நாளுக்குள் பிடுங்கிவிட வேண்டுமென்று கட்டளையிட்டதும் பயிரில்லாத இடைவெளி ஒன்றை உண்டாக்கிப் புழுவைப் பட்டினி போடுவதற்காகத்தான். பிடுங்கிய செடியின் மாரைக் கொளுத்தினால் புழு சாகும், கரிமமும் புகையாய்ப் போகும். துண்டாக்கி மட்கவைத்தால் புழுவும் சாகும், கரிமமும் மண்ணுக்கே திரும்பும்.

பழைய முறையைப் புகழ்ந்துவிட்டு அதிலேயே நின்றுவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கருங்கண்ணி வயலின் விளைச்சல் சொற்பம். அதை நம்பிய சம்சாரி கடனிலேயே பிறந்து கடனிலேயே மடிந்தான். பிள்ளைகளைப் படிக்க வைத்துப் பட்டணத்துக்கு அனுப்பியதில் அவனைக் குறை கூற நமக்கு யோக்கியதை இல்லை. இந்த அரங்கில் அமர்ந்திருப்பவர்களிலும் அப்படி வந்த குடும்பங்கள் பல இருக்கக் கூடும்.

பழைமையையும் சாஸ்திரத்தையும் ஒருங்கே வைத்துப் பார்த்த ஒரு முயற்சி நம் தேசத்திலேயே நடந்திருக்கிறது. அதுவும் பருத்திப் பணத்தில் நடந்தது என்பது ஆடை வாணிகர் பலர் அறியாத செய்தி. 1921இல் இந்திய மத்தியப் பருத்திக் குழு ஏற்பட்டது; இரண்டாண்டு கழித்துப் பருத்தித் தீர்வைச் சட்டம் வந்து, ஆலைக்கும் கப்பலுக்கும் போகிற ஒவ்வொரு பேலின்மீதும் ஒரு சிறு தீர்வை விதிக்கப்பட்டது. அந்தப் பணத்தின் உதவியால் 1924இல் இந்தூரில் தாவரத் தொழிலாராய்ச்சி நிலையம் உருவாயிற்று. ஆல்பர்ட் ஹோவர்டு அதன் தலைவரானார். இந்நாட்டுக் குடியானவர்களை ஆசிரியர்களாகக் கொண்டதாக வெளிப்படையாக எழுதிய அந்த ஆங்கிலேயர், கடினமான பருத்தி மாரைப் பண்ணைப் பாதையில் பரப்பி வண்டிச் சக்கரத்தால் நொறுக்கி, சாணமும் மூத்திர மண்ணும் சேர்த்து மட்கவைக்கும் முறையை வகுத்து, 1931இல் அதை நூலாக்கினார். 'இந்தூர் முறை' என்ற பெயரில் அது உலகெங்கும் பரவிற்று. அவருடைய எழுத்தைப் படித்து ஊக்கம் பெற்ற ஜெ.ஐ. ரோடேல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1947இல் ஒரு நிலையம் நிறுவினார். அவர் மகன் ராபர்ட் ரோடேல்தான் 1980களில் மீளுருவாக்க வேளாண்மை என்ற கருத்தைப் பிரசாரம் செய்தவர். 2017இல் அந்நிலையமும் படகோனியா என்னும் ஆடை நிறுவனமும் பிறரும் கூடி மீளுருவாக்க இயற்கை வேளாண்மைச் சான்று ஒன்றை ஏற்படுத்தினர். மறு ஆண்டு அச்சான்றுக்கான பருத்திப் பரீட்சை இந்தியாவில் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட சிறு விவசாயிகளின் வயல்களில் தொடங்கிற்று. இந்தூரிலிருந்து புறப்பட்ட ஞானம் கடல் கடந்து, முத்திரை குத்தப்பட்டு, மறுபடியும் நம் விவசாயியின் வாசலுக்கு வந்திருக்கிறது. எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் அந்த ஞானம் பிறக்கப் பேலுக்கு ஒரு தீர்வை தேவைப்பட்டது என்ற பகுதி மட்டும் வழியில் உதிர்ந்துவிட்டதே என்பதுதான் என் குறை. நம்மிடையே இயற்கை வேளாண்மையைப் பரப்பிய நம்மாழ்வார் அவர்கள் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்து உத்தியோகத்தை 1969இல் உதறிவிட்டு வெளியேறியதும், சர்க்கார் செலவில் நடக்கும் ஆராய்ச்சி மானாவாரி விவசாயிக்குப் பிரயோஜனப்படவில்லை என்ற மனக்கசப்பினாலேயே.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். பெரம்பலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் ஆடி ஆவணியில் விதைத்து, தை மாசியில் எடுத்த பருத்தியைச் சாக்கில் கட்டி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குக் கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். 1933ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1936இல் திருப்பூரில் பருத்திக்காக முதல் கூடம் திறக்கப்பட்ட நாளிலிருந்து, எடை மோசடியிலிருந்து உழவனைக் காத்த ஸ்தாபனம் அது. அதற்கு நாம் நன்றி பாராட்டக் கடமைப்பட்டிருக்கிறோம். மறைமுக ஏலத்தில் வியாபாரி அவருடைய குவியலையும் பக்கத்து ஊர்க்காரர் குவியலையும் ஒரே விலையில் எடுத்து, ஒரே லாரியில் ஏற்றி, ஒரே ஜின்னிங் ஆலையில் கொட்டுகிறார். நூறு கிலோ பருத்தியில் முப்பத்து மூன்று, முப்பத்தைந்து கிலோ பஞ்சு வரும்; மிச்சம் கொட்டை. அந்தப் பஞ்சு 170 கிலோ பேலாக அமுக்கப்பட்டவுடன், உளுந்தோடு வளர்ந்ததும் மருந்தில் குளித்ததும் ஒன்றாகிவிடுகின்றன. என் போன்றவன் மேசைக்குச் சாம்பிள் வரும்போது, கையால் இழுத்துப் பார்த்தும், இயந்திரத்தில் வைத்துப் பார்த்தும், இழை நீளத்தைச் சொல்லலாம், இழையின் நுண்மையைக் காட்டும் மைக்ரோனேர் சொல்லலாம், தூசி எவ்வளவு என்று சொல்லலாம்; விளைந்த மண்ணின் ஆரோக்கியத்தைச் சொல்ல எந்த வல்லுநராலும் முடியாது. பொருளிலே தெரியாத குணத்துக்கு விலை கொடுக்க வேண்டுமானால் காகிதத்தை நம்பியாக வேண்டும்.

காகிதத்தின் கதையோ 2020இல் நன்றாகவே சந்தி சிரித்தது. இயற்கைத் துணிகளுக்கு உலகளவில் சான்றுத் தரம் வகுக்கும் அமைப்பு, இந்தியாவிலிருந்து போன இயற்கைப் பருத்தியில் இருபதாயிரம் டன்னுக்குப் போலிச் சான்றுகள் தயாரிக்கப்பட்டிருந்ததாக அவ்வாண்டு அறிவித்தது. கலப்படத்தைச் சகித்துக்கொள்ளும் கணக்கு முறையும் ஒன்று உண்டு; இவ்வளவு நல்ல பருத்தி எங்கோ விளைந்தது, அவ்வளவு எடைக்கு நீ பெயர் சொல்லிக்கொள்ளலாம், உன் சட்டையில் இருப்பது எதுவானாலும் கேள்வியில்லை என்பது அதன் சாரம். அது ஒரேயடியாகப் பிழை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த ஏற்பாட்டில் வாங்குபவனுக்கும் ஒரு குறிப்பிட்ட மண்ணுக்கும் எந்தச் சம்பந்தமும் ஏற்படுவதில்லை. சம்பந்தம் ஏற்படாத இடத்தில் பொறுப்பும் ஏற்படாது.

எல்லாவற்றிலும் கொடிய இடம் மாறுங்காலம். இரசாயனத்தை விட்டு இயற்கை வழிக்கு வருகிற நிலத்துக்குச் சான்று கிடைக்க இரண்டு மூன்று ஆண்டு ஆகும். அந்த ஆண்டுகளில் விளைச்சல் குறையும். மண்ணோ இன்னும் தேறியிராது. விலை மட்டும் சாதாரண விலையே. மண்ணைத் திருத்துகிற வேலையின் முழுச் சுமையும், அதைத் தாங்க எல்லோரிலும் குறைந்த சக்தி படைத்தவன் தலையில், எல்லாவற்றிலும் நெருக்கடியான ஆண்டுகளில் விழுகிறது. மத்திய சர்க்காரின் குறைந்தபட்ச ஆதரவு விலையும், 1970இல் தோன்றிய இந்தியப் பருத்திக் கழகத்தின் கொள்முதலும் இழை நீளத்தைப் பார்த்து விலை சொல்வன. மண்ணைப் பார்த்து விலை சொல்வன அல்ல.

இச்சுமை உண்மையில் எவ்வளவு பெரிது? கேண்டி ஒன்றுக்கு, அதாவது 356 கிலோ பஞ்சுக்கு, 57,000 ரூபாய் விலை என்று கொள்வோம். கிலோ 160 ரூபாய் ஆகிறது. ஒரு பனியன் சட்டைக்குக் கழிவு உட்படக் கால் கிலோ பஞ்சு போதும். ஆகவே அதிலுள்ள பஞ்சின் மதிப்பு நாற்பது ரூபாய். அந்த விவசாயிக்கு நூற்றுக்குப் பதினைந்து கூட்டிக் கொடுத்தாலும் சட்டை ஒன்றுக்கு ஆறு ரூபாய். ஐந்நூறுக்கும் ஆயிரத்துக்கும் விற்கிற சட்டையில் ஆறு ரூபாயைத் தேட முடியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். தேட முடியும். ஆனால் ஜின்னிங், நூற்பு, பின்னல், சாயம், தையல், ஏற்றுமதி, கடை என்று ஏழு கை மாறுகிற சங்கிலியில், ஒவ்வொரு கையும் மேலே இருப்பவன் தருவான் என்று காத்திருக்கிறது. மேலே இருப்பவன் சான்றுக்குப் பணம் கட்டிவிட்டுத் தன் கடமை தீர்ந்தது என்று இருக்கிறான். கல்யாண வீட்டில் எல்லோரும் பந்தியில் உட்கார்ந்துவிட்டால் பரிமாறுகிறவன் யார்?

நீரின் விஷயத்தில் இதே சங்கிலி ஒருமுறை அசைக்கப்பட்டது. நொய்யலில் சாயக் கழிவு ஓடி, ஒரத்துப்பாளையம் அணை நஞ்சுக் குட்டையாகி, கீழ்ப்பகுதி விவசாயிகள் வழக்காடி, 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை மூடச் சொன்னபோது, தொழிலே அழிந்தது என்று பலர் அழுதார்கள். ஆனால் கழிவு நீரை ஒரு சொட்டும் வெளிவிடாமல் சுத்திகரிக்கும் செலவு சாயக் கூலியில் ஏறிற்று, தொழில் நடக்கிறது. நீர் ஓடி வந்து பிறர் வயலைக் கெடுத்ததால் வழக்குப் போட ஆள் இருந்தது. மண் தன் இடத்திலேயே இளைப்பதால் அதன் சார்பில் வக்காலத்து வாங்க யாரும் வரவில்லை.

நீதிமன்றம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். கொள்முதல் செய்கிறவர் மூன்று காரியங்கள் செய்தால் போதும். முதலாவது, பருத்தியை ஏலக் கூடத்தில் தேடாமல் விதைப்புக்கு முன்பே ஊர் குறித்து, குழு குறித்து, மூன்று ஆண்டுக்குக் குறையாத ஒப்பந்தம் செய்வது; கூடுதல் விலையை மாறுங்காலத்தின் முதல் எடுப்பிலிருந்தே கொடுப்பது. இரண்டாவது, அந்த ஊர்ப் பருத்தியைத் தனி நாளில் தனியே அரைக்க ஜின்னிங் ஆலைக்குக் கூலி சேர்த்துக் கொடுத்து, பேலின் மேல் ஊர்ப் பெயரை எழுதுவது. மூன்றாவதுதான் கடினமானது: மண்ணுக்கு ஏற்ற இழையை ஏற்றுக்கொள்வது. நாற்பதாம் நம்பர் நூலுக்கு நீண்ட இழை வேண்டும் என்பது உண்மை. ஆனால் துண்டுக்கும், போர்வைக்கும், ஜமக்காளத்துக்கும், தடித்த சீருடைத் துணிக்கும் குட்டை இழை ஒரு பழுதும் செய்யாது. தமிழ்நாட்டு ஆலைகளுக்கு ஆண்டுக்கு நூறு லட்சம் பேலுக்கு மேல் தேவை. இந்த மண்ணில் விளைவதோ ஐந்தாறு லட்சம். மிச்சமெல்லாம் குஜராத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் கடல் கடந்தும் வருகிறது. அவ்வளவையும் நாம் மாற்றிவிட முடியாது. நமக்கு எட்டுகிற ஐந்தாறு லட்சத்தில் ஒரு பகுதியையாவது அறிமுகமான மண்ணிலிருந்து வாங்க முடியும்.

மண்ணைத் திருத்தக் குறுக்கு வழி உண்டா என்று கேட்பவர்களுக்கும் ஒரு சொல்: உங்கள் நிறுவனத்து ஆராய்ச்சிக் கூடத்தில் பழுப்பு நிலக்கரியிலிருந்தே ஹியூமிக் அமிலம் பிரித்தெடுத்து உரத் துணையாக்கியிருக்கிறார்கள். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் அதைப் பல பயிர்களில் சோதித்தும் இருக்கிறார்கள். நல்ல காரியம். புட்டியில் அடைத்த அந்தச் சாற்றை வாங்கி ஊற்றிவிட்டால் மண் திருந்திவிடும் என்று விளம்பரம் செய்கிறவர்களை மட்டும் நம்பாதீர்கள். உயிருள்ள வேரும், மட்கும் சருகும், ஆட்டின் குளம்பும் செய்கிற வேலையை அது விரைவுபடுத்துமே தவிர, அவற்றின் இடத்தில் நிற்காது.

இந்த ஊரில் தொழிலாளர் சீருடை உண்டு, பள்ளிச் சீருடை உண்டு, மருத்துவமனைப் படுக்கை விரிப்பு உண்டு, விருந்தினர் விடுதிக்குத் துண்டு உண்டு. இவற்றுக்கெல்லாம் டெண்டர் விடுகிறவர்கள் நிறத்தையும் எடையையும் குறிப்பிடுகிற பத்தியில், பஞ்சு விளைந்த வட்டத்தையும் அரைத்த ஜின்னிங் ஆலையையும் குறிப்பிட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால், விருத்தாசலத்துக்கும் வேப்பூருக்கும் அப்பால், பெரம்பலூர் மாவட்டம் வரையில் பருத்தி போடுகிற விவசாயிகளோடு நேரடியாகப் பேசத் தொடங்கலாம். வேப்பந்தட்டையில் பருத்திக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது; எந்த நிலத்துக்கு எந்த இரகம், இடையே எந்தப் பயறு என்று கேட்டால் அங்குள்ளவர்கள் சொல்வார்கள். படுக்கை விரிப்பும் துண்டும் முதலில் தொடங்க ஏற்றவை. சீருடையை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம். ஆடிப் பட்டத்தில் விதை மண்ணில் விழ வேண்டுமானால், விலையும் அளவும் குறித்த ஒப்பந்தம் சித்திரைக்குள் கையெழுத்தாகிவிட வேண்டும். முன்பணம் வைகாசியில் போய்ச் சேர்ந்தால் உளுந்து விதைக்கும் கிடைக்காரருக்கும் அது உதவும்.